அயல்நாட்டு நிதியுதவித் திட்டங்களை முதன்மைத் தேர்வுக்குப் படித்த விதம்

குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் பொது அறிவு இரண்டாம் தாளில் சர்வதேச உறவுகளைப் படிப்பவர்களில் பலர் நாடு வாரியாகக் குறிப்பெடுப்பார்கள். முதல் முயற்சியில் நானும் அப்படித்தான் எடுத்தேன். பூடான் என்றால் நீர்மின் நிலையம், ஆப்கானிஸ்தான் என்றால் சாலையும் அணையும், இலங்கை என்றால் வீடுகள் என்று குறிப்பேடு நிறையப் பெயர்கள் இருந்தன. ஆனால் இந்தியா அயல்நாடுகளில் செலவிடும் பணம் அதன் வெளியுறவு நோக்கங்களுக்கு எவ்வளவு தூரம் கைகொடுத்திருக்கிறது என்று கேள்வி திரும்பியபோது, அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு ஒரு பத்தி கூட உருப்படியாக எழுத முடியவில்லை.

பிழை எங்கே என்பதை ஒரு மாதிரித் தேர்வுதான் காட்டியது. ஆப்பிரிக்க நாடுகளுக்கு இந்தியா வழங்கிய கடனுதவிகளை நான் மானியங்களோடு சேர்த்து, எல்லாவற்றையும் 'உதவி' என்ற ஒரே சொல்லில் எழுதியிருந்தேன். விடைத்தாளைத் திருத்தியவர் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் சுழித்து, 'திருப்பிச் செலுத்த வேண்டிய பணமா, வேண்டாத பணமா?' என்று ஓரத்தில் கேட்டிருந்தார். அன்றிலிருந்து எந்தத் திட்டத்தைப் படித்தாலும் பணம் என்ன வடிவில் போகிறது, யார் வழியாகப் போகிறது, என்ன நிபந்தனையோடு போகிறது, கொடுத்த நாட்டுக்கு என்ன திரும்பி வருகிறது என்பதை முதலில் எழுதிவிட்டுத்தான் திட்டத்தின் பெயரை எழுதினேன்.

இந்த வரிசையில் பார்க்கும்போது, ஒன்றுபோலத் தெரிந்தவை தனித்தனியாகப் பிரிந்து நின்றன. 1964-இல் தொடங்கிய ஐடெக் (இந்தியத் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்பு) திட்டத்தில் பணம் எந்த அரசின் கையிலும் கொடுக்கப்படுவதில்லை. அயல்நாட்டு அதிகாரிகளையும் தொழில்நுட்பப் பணியாளர்களையும் இந்தியா தன் செலவில் அழைத்துவந்து பயிற்சி தருகிறது. இங்கே படித்தவர் நாளை தன் நாட்டு அமைச்சகத்தில் முடிவெடுக்கும் இடத்துக்கு வரக்கூடும் என்பதே அதன் நீண்டகாலப் பயன். இந்திய ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கி வழியாகப் போகும் கடனுதவி வேறு வகை. அதில் ஒப்பந்த மதிப்பில் பொதுவாக 75 விழுக்காட்டுக்கான பொருள்களையும் சேவைகளையும் இந்தியாவிலிருந்தே வாங்க வேண்டும் என்பதால், அது நட்பை வளர்ப்பதோடு ஏற்றுமதிக்கும் வழி திறக்கிறது. 2016-இல் இலங்கையின் மேற்கு, தெற்கு மாகாணங்களில் தொடங்கி, பின்னர் பிற மாகாணங்களுக்கும் விரிந்த, 1990 என்ற தொலைபேசி எண்ணில் அழைக்கும் ஆம்புலன்ஸ் சேவை முழு மானியம். அதன் பயன் நேரே மக்களின் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்வதால், தொகை சிறிதாக இருந்தும் அது ஈட்டிய நல்லெண்ணம் பெரிது என்றே நான் மதிப்பிடுகிறேன்.

பூடானை மட்டும் நேரம் எடுத்துப் படியுங்கள். சுக்கா நீர்மின் திட்டம் 336 மெகாவாட். அதற்கு இந்தியா தந்த பணத்தில் 60 விழுக்காடு மானியம், 40 விழுக்காடு கடன். 2019-இல் திறக்கப்பட்ட 720 மெகாவாட் மாங்டேச்சு திட்டத்திலோ மானியம் 30 விழுக்காடாகக் குறைந்து, கடன் 70 ஆக உயர்ந்தது. உபரி மின்சாரம் இந்தியாவுக்கே விற்கப்படுகிறது என்றாலும், பூடானின் கடன் சுமையைப் பற்றிய விவாதத்துக்கு இந்த விகித மாற்றத்தைத் தெரிந்துகொள்ளாமல் விடை எழுத முடியாது. மின் நிலையங்களின் பெயர்களை மனப்பாடம் செய்த நாள்களில் இந்த இரண்டு விகிதங்களும் என் கண்ணிலேயே படவில்லை.

கொடுப்பவரின் பக்கத்தை மட்டும் படித்தால் போதாது. பெறுபவர் நிலையில் இந்தியாவே இருந்த காலத்தைப் படித்தபோதுதான், உதவிக்குள் அழுத்தம் எப்படி ஒளிந்திருக்கும் என்பது எனக்குப் புரிந்தது. 1954-இல் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 சட்டத்தின் கீழ் இந்தியா கோதுமையை ரூபாயிலேயே வாங்க முடிந்தது. டாலர் தட்டுப்பாட்டில் தவித்த நாட்டுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் 1960-களின் நடுவில் வறட்சி வந்தபோது, அமெரிக்க அதிபர் ஜான்சனின் நிர்வாகம் கோதுமையைச் சிறுசிறு தவணைகளாக மட்டுமே விடுவித்தது. வேளாண் கொள்கையை மாற்ற வேண்டும் என்ற வற்புறுத்தலும், வியட்நாம் போரைப் பற்றி இந்தியா பேசியதன்மீது இருந்த மனக்கசப்பும் அதற்குப் பின்னால் இருந்தன. இதை அறிந்த பிறகு, அண்டை நாடுகள் நம் உதவியை ஏன் சில வேளைகளில் தயக்கத்தோடு பார்க்கின்றன என்பதை நியாயமாக எழுத முடிந்தது.

தகவலுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையை, அதாவது ஆண்டுச் செலவுக்காக நாடாளுமன்றத்தின் ஒப்புதலைக் கேட்கும் பட்ஜெட் ஆவணத்தை, நேரடியாகப் படிப்பது நல்லது. நாடு வாரியான ஒதுக்கீடு அதில் ஒரே பக்கத்தில் இருக்கும். 2024-25-இல் முதலிடம் பெற்ற பூடானுக்கு ஏறத்தாழ 2,068 கோடி ரூபாய். எக்ஸிம் வங்கிக் கடன்களை அந்தப் பட்டியலில் தேடி நான் ஒரு மாலைப் பொழுதை இழந்தேன். அந்தக் கடனைத் தருவது வங்கி என்பதால் அங்கே அது வராது, அரசு ஏற்கும் வட்டிச் சுமை நிதி அமைச்சகத்தின் கணக்கில் இருக்கும்.

15 மதிப்பெண் விடைக்கு 250 சொற்களும் ஏறத்தாழ 11 நிமிடங்களும்தான் கிடைக்கும் என்பதால், எடுத்துக்காட்டுகளைக் குறைத்து ஒன்றை மட்டும் ஆழமாக எழுதப் பழகினேன். நான் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தது ஆப்கானிஸ்தானில் இந்தியா அமைத்துக் கொடுத்த ஜராஞ்ச்–தெலாராம் சாலை. ஈரானின் சாபஹார் துறைமுகத்திலிருந்து ஆப்கானிஸ்தான் எல்லை வரை ஒரு கோடு, அங்கிருந்து ஆப்கானிஸ்தானுக்குள் 218 கிலோமீட்டர் சாலைக்கு இன்னொரு கோடு, கிழக்கே பாகிஸ்தான் என்ற பெயர், வரைபடம் அவ்வளவுதான். பாகிஸ்தானைத் தொடாமல் ஆப்கானிஸ்தானை அடையும் நோக்கத்தை அது ஒரே பார்வையில் காட்டிவிடும். அதன் கீழே, 2009-இல் சாலையைப் பெற்றுக்கொண்ட ஆட்சிமுறை 2021-இல் வீழ்ந்தது என்றும், சாலை மட்டும் அங்கேயே இருக்கிறது என்றும் இரண்டு வரி எழுதி, இத்தகைய செலவின் எல்லையைப் பற்றிய வாதத்தை அங்கிருந்து தொடங்குவேன்.