கொச்சிக்கடை அந்தோனியாரிடம் ஒரு கடன் விஷயம்

கொழும்பு புறக்கோட்டையில் பஸ்ஸால் இறங்கி, செட்டியார் தெரு நகைக்கடைகளையும் அடகுக்கடைகளையும் தாண்டி நடந்துதான் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவேன். செவ்வாய்க்கிழமை நவநாள், அதாவது புனிதருக்கான வாராந்தர வேண்டுதல், என்றால் கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போகப் பழகிவிட்டோம். உள்ளே திருநீறு பூசினவர்கள், முக்காடு போட்டவர்கள், சிங்கள அம்மாமார் எல்லோரும் ஒரே வரிசையில் மெழுகுதிரியோடு நிற்பார்கள்.

புனிதரை அடக்கம் செய்த கிழமை செவ்வாய் என்பதால்தான் இந்தச் செவ்வாய் பக்தி.

தொலைந்ததைத் தேடித் தருபவர் என்பதால், கொடுத்த காசும் அதில் சேர்த்திதானே என்று, எங்கள் பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் வாங்கிய கடன் சீக்கிரம் திரும்பி வரவேண்டும் என்றுதான் இந்தமுறை கேட்கப் போனேன். வரிசை மெதுவாக நகர்ந்தது, யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது (அது எப்போதும் நல்லதில்லை). அப்போதுதான் அந்தோனியார் எந்தப் பக்கத்து ஆள் என்பது நினைவுக்கு வந்தது. 1231 மார்ச்சில், அவர் பிரசங்கித்த இத்தாலியின் பதுவை நகரம் ஒரு சட்டம் போட்டது, கடனைக் கட்ட வழியில்லாதவன் தன் சொத்தை ஒப்படைத்துவிட்டால் அவனைச் சிறையில் வைக்கக்கூடாது என்று. அந்தோனியார் கேட்டுக்கொண்டதால் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. வட்டிக்காரர்களை அவ்வளவு கடுமையாகக் கண்டித்துப் பிரசங்கித்தவர், அதே ஆண்டு ஜூன் 13இல் இறந்தும் போனார்.

அவரிடமா நான் கடன் வசூலிக்கச் சொல்வது!

மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கதையில் வரும் வேலைக்காரனுக்கு அரசன் பத்தாயிரம் தாலந்து என்ற மலைபோன்ற கடனை மன்னிக்கிறான், அவனோ வெளியே வந்ததும் நூறு தெனாரியம் என்ற சின்னக் கடனுக்காக இன்னொருவன் கழுத்தைப் பிடிக்கிறான். உள்ளே அரசன் காலில் விழுந்து கெஞ்சும்போது அவனும் உண்மையாகத்தான் கெஞ்சியிருப்பான். சிக்கலே வெளியே வந்த பிறகுதான். நவநாள் தவறாமல் வருகிறோம், நேர்த்தியைத் தவறாமல் செலுத்துகிறோம், அதையே விசுவாசம் என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் நம்மிடம் வேலை செய்பவருக்குச் சம்பளம் உரிய நாளில் கொடுத்தோமா, சீட்டுக்காசு சொன்ன திகதியில் போனதா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

பூசை முடிந்து அக்காவுக்குக் கோல் எடுத்தேன். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாருங்கள், வட்டி வேண்டாம் என்றேன். திகதியை மட்டும் அவரையே சொல்லச் சொன்னேன், அதில் நான் இளகவில்லை.