சொதப்பலுக்கும் ஒத்திகை வேண்டும்: டாமி கூப்பர்

பிரிட்டிஷ் மேடை, டிவி காமெடியன் டாமி கூப்பருக்கு மேஜிக் வராது, அதனால்தான் கோமாளி வேஷம் கட்டினார் என்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவருடைய பாட்டில் ஐட்டத்தை ஒருமுறை கையை மட்டும் கவனித்துப் பார்த்தால் போதும், அந்த எண்ணம் போய்விடும்.

ஐட்டம் பழையது. மேசையில் ஒரு பாட்டில், ஒரு கிளாஸ், மூடுவதற்கு இரண்டு குழாய்கள். மூடித் திறந்தால் பாட்டில் இருந்த இடத்தில் கிளாஸ், கிளாஸ் இருந்த இடத்தில் பாட்டில். அந்தப் பாட்டில் கண்ணாடிபோலத் தெரியும் தகரக் கூடு, அதற்கு அடிப்பாகம் கிடையாது. அதற்குள்ளேயே ஒரு கிளாஸ் முன்கூட்டியே ஒளிந்திருக்கும். கிளாஸை மூடப்போகும் குழாய்க்குள் இன்னொரு கூடு தயாராக இருக்கும். பாட்டில் பக்கம் குழாயை அழுத்திப் பிடித்துத் தூக்கினால் கூடும் சேர்ந்து மேலே போய்விடும், கிளாஸ் தெரியும். கிளாஸ் பக்கம் அழுத்தாமல் தூக்கினால் கூடு மேசையில் தங்கிவிடும், பாட்டில் தெரியும். சூட்சுமம் அவ்வளவும் அந்த அழுத்தத்தில்தான். பாட்டில்கள் பெருகவேண்டுமென்றால் ஒன்றுக்குள் ஒன்று நுழையும்படி சுற்றளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் கூடுகள் வேண்டும். பின்பக்கத்தில் விரல் போக ஓட்டை இருக்கும். அதன் வழியே உள்கூட்டை அழுத்தினால் சேர்ந்து வரும், விட்டால் கீழே நிற்கும்.

கெடுவதற்கு நிறைய வழி உண்டு. அழுத்தம் போதாவிட்டால் கூடு பாதியில் நழுவி 'டங்' என்று விழும். ஒரு கூட்டில் சின்ன நசுங்கல் இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும். கூடு லேசாகத் திரும்பினால் லேபிள் பின்னால் போய், ஓட்டை ஜனங்களைப் பார்த்துச் சிரிக்கும். மேசையில் தடித்த துணி விரிக்காவிட்டால் தகரச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

கூப்பர் இதை நிதானமாகச் செய்யமாட்டார். "பாட்டில், கிளாஸ்... கிளாஸ், பாட்டில்" என்று உளறிக்கொண்டே வேகத்தை ஏற்றுவார். பாட்டில்கள் ஒவ்வொன்றாக முளைத்து மேசை நிறையும். ஏதோ அவருக்கே புரியாமல் நடப்பதுபோல முகத்தில் திகைப்பு. 6 அடி 4 அங்குல ஆள், பெரிய கைகள், தலையில் சிவப்புத் துருக்கிக் குல்லா. அந்தத் திகைப்பைப் பார்த்துச் சிரிக்கும்போது யாரும் விரலைப் பார்ப்பதில்லை. அந்த வேகத்தில் ஒவ்வொரு தூக்கலிலும் எந்தக் கூடு போகவேண்டும், எது நிற்கவேண்டும் என்பது விரலுக்கு மனப்பாடமாக இருந்தால்தான் ஐட்டம் நிற்கும். இடையிடையே, அறிவிப்பே இல்லாமல், ஒரு வித்தையை ஒழுங்காகவும் செய்து வைப்பார். மேஜிக்காரர்களின் சங்கமான லண்டன் மேஜிக் சர்க்கிள் அவரை உறுப்பினராக வைத்திருந்தது சும்மா இல்லை.

தொப்பி ஐட்டத்தில் மேஜிக்கே கிடையாது. ஒரு பெட்டி நிறையத் தொப்பிகள், ஒரு நீளமான கவிதை. கவிதையில் வரும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தொப்பி: மாலுமி, சிப்பாய், போலீஸ்காரர். தொப்பி மாறும்போது குரலும் மாறவேண்டும். போகப்போக வரிசை குழம்பி, கைக்கு வந்ததைத் தலையில் போட்டுக்கொண்டு, யார் பேசுகிறார் என்றே தெரியாமல் முழிப்பார். குழம்பியதுபோல் நடிக்க, குழம்பாத வரிசை முதலில் தலைக்குள் இருக்கவேண்டும். எனக்கு அவருடைய ஐட்டங்களில் இதுதான் மிகவும் பிடித்தது. பாதி பிரிட்டிஷ், பாதி ஜெர்மன் யூனிஃபார்ம் போட்டுப் பக்கம் பக்கமாகத் திரும்பிப் பேசும் ஐட்டமும் உண்டு, ஆனால் தொப்பிக்குப் பக்கத்தில் அது நிற்காது.

பிறந்தது 1921 மார்ச் 19, வேல்ஸ் நாட்டின் கேர்ஃபில்லி. மூன்று வயதில் குடும்பம் இங்கிலாந்தின் எக்ஸெட்டருக்கு மாறியது. எட்டு வயதில் ஓர் அத்தை மேஜிக் செட் வாங்கிக் கொடுத்தார். பள்ளி முடிந்ததும் ஹைத் ஊரில் படகு கட்டும் தொழிலில் அப்ரெண்டிஸ். அங்கே சக தொழிலாளிகள் முன்னால் போட்ட ஷோவில் எல்லாமே கோணலாகப் போய், சிரிப்பு மட்டும் அள்ளியது என்பது அவரே பின்னாளில் சொல்லிவந்த கதை. 1940இல் ராணுவத்தில் ராயல் ஹார்ஸ் கார்ட்ஸ் பிரிவில் சேர்ந்தார், எகிப்துக்குப் போனார். கெய்ரோவில் ஒரு ஷோவுக்கு வெள்ளைக்காரர்களின் வெயில் தொப்பி தேவைப்பட்டது, எடுத்துவர மறந்துவிட்டார். பக்கத்தில் போன வெயிட்டரின் தலையிலிருந்து குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டார். அரங்கம் அதிர்ந்தது. அதற்கப்புறம் அந்தக் குல்லா அவர் தலையை விட்டு இறங்கவில்லை.

1947இல் மிஃப் ஃபெர்ரி அவருடைய ஏஜென்ட் ஆனார். பேண்டில் டிராம்போன் வாசித்தவர். கடைசிவரை, 37 வருஷம், வேறு ஏஜென்ட் கிடையாது. ஆரம்ப வருஷங்கள் செக்குமாட்டு வாழ்க்கை: ஐரோப்பிய டூர், பேன்டோமைம் என்னும் கிறிஸ்துமஸ் சீசன் காமெடி நாடகத்தில் சிண்ட்ரெல்லாவின் அவலட்சணச் சகோதரி வேஷம், பிறகு லண்டன் விண்ட்மில் தியேட்டரும் அதோடு இரவு விடுதிகளில் கேபரே ஷோக்களும். ஒரு வாரத்தில் 52 ஷோ போட்டிருக்கிறார், அதாவது நாளுக்கு ஏழெட்டு. டைமிங் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே போதும். ஒரே ஜோக்கை ஒரே நாளில் ஏழு விதமான கூட்டத்துக்குச் சொல்லும்போது, எந்த இடத்தில் அரை நொடி நிறுத்தினால் சிரிப்பு கூடுகிறது என்பது தானாகப் படிந்துவிடும்.

டிவி அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. 50களில் பிபிசி, 60களின் பிற்பாதியிலிருந்து தனியார் சேனலில் தொடர்கள், 70களில் அவர் பேரிலேயே ஒரு மணிநேர நிகழ்ச்சி. கேமராவுக்கு அந்த முகம் அல்வா. 'ஜஸ்ட் லைக் தட்' என்று கையை ஆட்டிக்கொண்டு அவர் சொல்வதை மிமிக்ரி செய்யாத பிரிட்டிஷ் பையனே இருந்திருக்கமாட்டான். காசு விஷயத்தில் கெட்டி. டாக்ஸியிலிருந்து இறங்கும்போது டிரைவரின் சட்டைப் பையில் எதையோ திணித்து 'என் செலவில் ஏதாவது குடியுங்கள்' என்பாராம். பார்த்தால் டீத்தூள் பை.

குடியும் சுருட்டும் உடம்பைத் தின்றன. 1977 ஏப்ரலில் ரோமில் மாரடைப்பு. மூன்றே மாதத்தில் டிவிக்குத் திரும்பிவிட்டார். ஆனால் 1980 தொடருக்கு அப்புறம் அவரை நாயகனாக வைத்துத் தனித் தொடர் எடுக்கச் சேனல் துணியவில்லை. கெஸ்ட்டாக வந்துபோனார்.

1984 ஏப்ரல் 15, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் ஹெர் மெஜஸ்டிஸ் தியேட்டரிலிருந்து நேரடி ஒளிபரப்பு. உதவியாளர் பெண் ஒரு நீண்ட அங்கியை மாட்டிவிட்டார். ஐட்டம் இதுதான்: திரைக்குப் பின்னால் தொகுப்பாளர் ஜிம்மி டார்பக் ஒளிந்திருந்து ஒவ்வொரு பொருளாக உள்ளே தள்ளுவார், கூப்பர் அங்கிக்குள்ளிருந்து எடுப்பதுபோலக் காட்டுவார். அதனால்தான் திரையை ஒட்டியே நின்றார். அங்கி மாட்டிய சற்று நேரத்தில் அப்படியே சரிந்து திரையில் சாய்ந்து உட்கார்ந்தார். உதவியாளர் சிரித்தார், அரங்கம் சிரித்தது. முப்பது வருஷத்துக்கு மேலாக எது நிஜம், எது சொதப்பல் என்று தெரியாதபடி பழக்கியிருந்தார், சிரிக்காமல் வேறென்ன செய்வார்கள்? இயக்குநர் திட்டமில்லாத விளம்பர இடைவேளைக்கு ஆர்கெஸ்ட்ராவுக்குச் சைகை காட்டினார். சேனல்கள் விளம்பரத்தைத் தயார் செய்வதற்குள் சில நொடிகள் வெறும் திரை ஓடியது. அவரை உள்ளே இழுக்கப் பார்த்தார்கள். நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. அடுத்து வந்த லெஸ் டென்னிஸ், டஸ்டின் கீ ஜோடி திரைக்கு முன்னால் இருந்த குறுகலான இடத்தில் நின்று தங்கள் ஐட்டத்தைச் செய்தது. பின்னால் அவரை எழுப்பும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. வயது 63.

2008இல் கேர்ஃபில்லியில் சிலை வைத்தார்கள், திறந்தவர் நடிகர் அந்தோனி ஹாப்கின்ஸ். சிலையைவிட முக்கியமானது 2016இல் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் வாங்கிய சேகரிப்பு: அவருடைய காகிதங்களும் மேடைப் பொருட்களும் 116 பெட்டிகள். அதில் ஜோக்குகளுக்கென்றே ஒரு ஃபைல் இருக்கிறது. மேடையில் எந்தத் தொப்பி எங்கே என்று தெரியாமல் முழித்தவர், தன் ஜோக்குகளை ஆபீஸ் குமாஸ்தா மாதிரி அகர வரிசையில் அடுக்கி வைத்திருந்தார்.