பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவர்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றது. வடிந்ததும் தரையைக் கழுவி, பினாயில் தெளித்து, எல்லாம் முடிந்ததென்று நினைத்தோம். பொங்கலுக்கு வெள்ளையடிக்க மர பீரோவை நகர்த்தியபோதுதான், அதன் பின்சுவரில் இடுப்புயரம் வரை கரும்பூஞ்சை படர்ந்திருப்பதைக் கண்டோம். இரவில் மகளை வாட்டிய இருமலுக்கும் இது ஒரு காரணமாக இருக்கலாமென்று அப்போதுதான் தோன்றியது.

பூஞ்சையின் மேலேயே ஒரு கோட் அடித்துவிடலாம் என்றார் பெயிண்டர். மறுத்துவிட்டோம். செங்கல்லும் பூச்சும் நுண்துளைகள் வழியே நீரை மேலே இழுத்துக்கொள்பவை; அந்த ஈரம் வெளியேறும் முன் பெயிண்டால் மூடினால், அது உள்ளேயே தங்கி, சில மாதங்களில் பெயிண்டைக் கொப்புளமாகத் தள்ளிவிடும். ஆகவே ஒரு பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பார்த்தோம். அறைப்பக்கம் நீர் படிந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. சுவர்ப்பக்கம் படிந்தால் சுவருக்குள்ளேயே இருக்கிறது. எங்களுக்குச் சுவர்ப்பக்கம்தான் முத்து முத்தாக நின்றது.

மகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முகக்கவசம் அணிந்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்துத் துடைத்தோம். காய்ந்த பூஞ்சையைச் சுரண்டினால் வித்துகள் அறையெங்கும் பறக்கும். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாதிருக்க வேண்டும் என்பதால், துணிகளை உள்ளே உலர்த்துவதையும் நிறுத்திவிட்டோம். பீரோ இப்போது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. அந்த இடைவெளியில் கரப்பான்கள் குடியேறிவிட்டன என்பது அம்மாவின் புகார்.