ஐஸ் கம்பெனி நைட் ஷிப்ட்

தங்கச்சிமடம் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனில நாலு வருஷம் நைட் ஷிப்ட் பார்த்தேன். போட் கெளம்புற நாள்ல பயப்படவே நேரம் இருக்காது, ஐஸ் பார் இறங்கிக்கிட்டே இருக்கும், கிரஷர் சத்தத்துல நம்ம பேச்சே நமக்கு கேக்காது. ஆனா ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகெல்லாம் 61 நாள் கரையில, நாட்டுப்படகுக்கு மட்டும் கொஞ்சமா ஓட்டுவாங்க, ராத்திரி நான் ஒருத்தன்தான்.

அப்படி ஒரு தடைக்காலத்துல கேட் முன்னாடி அறுத்த எலுமிச்சம்பழம், குங்குமம், ஒரு முட்டை. ஆப்பரேட்டர் அண்ணன் பார்த்துட்டு "ஓனருக்கு வச்சதுடா தம்பி, ஆனா மொதல்ல தாண்டுனது நீதான"ன்னு சொல்லிட்டு அவரு பாட்டுக்கு வீட்டுக்கு போயிட்டாரு.

எனக்கு நெஞ்சு படபடப்பு தொடங்கிருச்சு. டேங்க் பக்கம் யாரோ நடக்குற மாதிரியே இருக்கும், அதனால கம்ப்ரசர் ரூமுக்கு போறதையே விட்டுட்டேன். அம்மா ஓரியூர் செம்மண்ண பொட்டலம் கட்டி பையில வச்சுவிட்டாங்க, 1693ல அருளானந்தர்ங்கிற கத்தோலிக்க சாமியார வெட்டுன எடத்து மண்ணு. நான் போறது சபைக்கு, ஆனாலும் வேணாம்னு சொல்ல வாய் வரல. சபைல உபவாசம் இருக்க சொன்னாங்க, இருந்தேன், பசிதான் கூடுச்சு.

ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணி இருக்கும், கண்ணு எரியுது, தொண்டைய யாரோ நெரிக்கிற மாதிரி. அலறிக்கிட்டு ஓடப் பாத்தேன், அப்ப வாயில வந்தது 56ஆம் சங்கீதம், "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்". பெலிஸ்தர்கிட்ட மாட்டுனப்ப தாவீது பாடுனது, பயமே இல்லன்னு அவரும் சொல்லல பாருங்க. அதையே முணுமுணுத்துக்கிட்டு நின்னேன், நின்ன பிறகுதான் மூக்குக்கு வெளங்குச்சு, அம்மோனியா, ஐஸ் உறைய வைக்கிற கேஸ்! ஈரத்துண்ட மூஞ்சில கட்டி மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு வெளிய வந்து அண்ணனுக்கு போன் போட்டேன். அவரு கந்தகத் திரி கொளுத்தி ஒவ்வொரு ஜாயின்ட்டா காட்டுனாரு, கம்ப்ரசர்கிட்ட குப்புனு வெள்ளப்புகை, லீக் அங்கதான். கொஞ்ச நாளாவே கசிஞ்சிருக்கணும்னாரு. நான் எட்டிப் பாத்திருந்தாதானே தெரியும்.

அப்ப பிசாசே இல்லையான்னு கேட்டா, இருக்கான், நான் நம்புறேன். ஆனா அந்த எலுமிச்சம்பழத்துக்குள்ள இல்ல, என்னைய அந்த ரூம் பக்கமே போக விடாம வச்சிருந்த பயத்துலதான் இருந்தான்னு தோணுது. தீமோத்தேயுவுக்கு பவுல் எழுதுறப்ப பயமுள்ள ஆவிக்கு எதிரா பலம், அன்போட சேத்து "தெளிந்த புத்தி"ன்னும் ஒண்ண வைக்கிறாரு, அதை அதுவரைக்கும் நான் கவனிச்சதே இல்ல.

ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப கேட்ல எலுமிச்சம்பழம். அண்ணன் பைக்க தூரமா நிப்பாட்டிட்டு "நீ மொதல்ல போ தம்பி, ஒனக்குதான் ஒண்ணும் ஆகாதுல்ல"ன்னாரு. எடுத்து ஓரமா வீசிட்டு கேட்ட தொறந்தேன்.