மன்னித்த பிறகும் அங்கேயே
கிறிஸ்தவ வாழ்க்கை என்றாலே எனக்கு கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாதான் நினைவுக்கு வருவார்.

1999 ஜனவரி. ஒடிசாவின் மனோகர்பூரில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய கணவர், ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாமையும் மகன்கள் பிலிப், திமோத்தியையும் ஒரு கும்பல் உயிரோடு கொளுத்தியது. பெரியவனுக்கு 10 வயது, சின்னவனுக்கு 6. கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்றார் அந்தத் தாய். குற்றத்துக்கான தண்டனை வேறு, அது சட்டத்தின் வேலை. பலர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

மன்னித்ததைவிட, அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் என்னை உலுக்குகிறது. மகள் எஸ்தரைக் கூட்டிக்கொண்டு உடனே சொந்த நாடான ஆஸ்திரேலியாவுக்குப் போயிருக்கலாம். யார் குறை சொல்லியிருப்பார்கள்? போகவில்லை. ஒடிசாவில் அவர்கள் வாழ்ந்த பாரிபதா ஊரிலேயே தங்கி, கணவர் பார்த்துவந்த தொழுநோயாளிகளை 2004 வரை பார்த்துக்கொண்டார். அந்த வருஷம் அங்கே கணவர் பெயரில் ஒரு மருத்துவமனையும் வந்தது.