"சிஸ்டமே சொல்லுதே"

டிராகட் எமர்ஜென்சி ஷெல்: லினக்ஸ் பூட் ஆக முடியாதபோது வந்து நிற்கும் அவசரக் கட்டளைத் திரை. டிஸ்க்குகளை (பிவி) ஒரே தொகுப்பாகச் (விஜி) சேர்த்து, அதிலிருந்து எல்வி என்ற பகுதிகளை வெட்டித் தருவது எல்விஎம். சிஸ்டம் குடியிருக்கும் ரூட் எல்வியின் விஜியில் ஒரு பிவி காணவில்லை என்ற எச்சரிக்கை. அந்த ரூட் எல்வியை எப்போதோ இரண்டாவது டிஸ்க்கிலும் நீட்டியிருந்தார்கள்; அந்த டிஸ்க்கைத்தான் மெயின்டனன்ஸில் வேறு கன்ட்ரோலருக்கு மாற்றியிருந்தார்கள். விஜியிலிருந்து டிஸ்க்கை விலக்கும் விஜிரெட்யூஸ் கட்டளையை, காணாததை நீக்கும் ரிமூவ்மிஸ்ஸிங் விருப்பத்தோடு ஓட்டியதும் அது மறுத்தது. கூடவே, நிபந்தனையின்றி நீக்க ஃபோர்ஸ் சேர்க்கலாம் என்று கட்டளையையும் எழுதிக் காட்டியது.

"அதான் சிஸ்டமே சொல்லுதே, போட்டுடுங்க. பேக்கப் இருக்கே."

"வேண்டாம் சார். டிஸ்க் போச்சான்னே இன்னும் தெரியலை."

முதலில் பேசியவர் சார், மறுத்தது நான். இந்த இரண்டு வரிகளைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அந்தத் திரை சொல்வது பொய்யில்லை. ஆனால் ஃபோர்ஸ், காணாமல் போன டிஸ்க்கில் ஒரே ஒரு எக்ஸ்டென்ட் (சிறு இடத்துண்டு) இருக்கும் எல்வியைக்கூட முழுதாக நீக்கிவிடும். இங்கே அது ரூட். எந்த எல்வி எங்கே இருக்கிறது என்ற மெட்டாடேட்டாவைத் திரும்பக் கொண்டுவர விஜிசிஎஃப்ஜிரெஸ்டோர் கட்டளை இருக்கிறது, சரி. அதற்கு வேண்டிய ஆர்க்கைவ் ஃபைல்கள் இருப்பதோ அதே ரூட்டுக்குள். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. அதன்பிறகு பிவியின் முன்பகுதியில் மிச்சமிருக்கும் பழைய மெட்டாடேட்டா பிரதிகளை பிவிசிகே கட்டளை மூலம் தோண்டியெடுக்க வேண்டும். முடியாததல்ல, நள்ளிரவில் யாரும் விரும்பிச் செய்யும் வேலையுமல்ல.

கெர்னல் கண்ட டிஸ்க்குகளின் பட்டியலான ப்ராக் பார்ட்டிஷன்ஸில் அந்த டிஸ்க் இல்லை. இதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது: செத்த டிஸ்க்கும், டிரைவர் ஏறாத கன்ட்ரோலரில் இருக்கும் நல்ல டிஸ்க்கும் அங்கே ஒரே மாதிரிதான் தெரியும். "வேண்டாம்" என்றபோது என் கையில் ஆதாரம் எதுவும் இல்லை. ஹோஸ்ட்ஒன்லி முறையில் (அந்த மெஷினுக்கு மட்டும் என்று) உருவான இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு இமேஜ்), அது உருவானபோது இருந்த வன்பொருளுக்கான டிரைவர்கள் மட்டுமே இருக்கும் என்பது பொது அறிவு. அதை வைத்துச் செய்த ஊகம், அவ்வளவுதான்.

கன்ட்ரோலரின் பயாஸ் திரையில் டிஸ்க் தெரிந்தது. கிரப் பூட் மெனுவில் ரெஸ்க்யூ கெர்னலைத் தேர்ந்தெடுத்ததும் பூட் ஆனது. அந்த இமேஜில் எல்லா டிரைவர்களும் உண்டு. பிறகு, இந்த இமேஜ்களைக் கட்டும் டிராகட்டை ரீஜெனரேட்-ஆல் விருப்பத்தோடும், பழையவற்றின் மேல் எழுத அதன் ஃபோர்ஸ் விருப்பத்தோடும் ஓட்டி, புதிய இமேஜில் அந்த மாட்யூல் (டிரைவர்) இருக்கிறதா என்று எல்எஸ்இனிட்ஆர்டி கட்டளையில் பார்த்து, ரீபூட். இந்தப் பகுதியில் சொல்ல வேறொன்றுமில்லை.

இதை வைத்து நான் சொன்னதுதான் சரி என்று சாதிக்கலாம். டிஸ்க் உண்மையிலேயே போயிருந்தால், அதே பிடிவாதம் பேக்கப்பிலிருந்து மீட்பதைத் தாமதப்படுத்திய வீம்பாகியிருக்கும். ஆனாலும், முழு இமேஜ் பேக்கப்பை அதே வன்பொருளில் இறக்கியிருந்தால் பழைய இனிட்ராம்எஃப்எஸ்ஸும் சேர்ந்தே வந்து, அதே ஷெல்லில்தான் நின்றிருக்கும். இந்த வாதம் அன்று எனக்குத் தோன்றவில்லை; பிறகுதான் சேர்த்துக்கொண்டேன்.

ஃபோர்ஸோடு டெஸ்ட் விருப்பத்தையும் சேர்த்து ஓட்டினால், விஜிரெட்யூஸ் எதையும் எழுதாமல் எந்த எல்வி போகும் என்று மட்டும் காட்டும். அதை அவரிடம் காட்டியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்குமோ என்று நினைப்பதுண்டு. ஆனால் டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்பதை அதுவும் சொல்லாது. "பேக்கப் இருக்கே" என்று அப்போதும் சொல்லியிருப்பார்.