தொட்டால் அடிக்கிறது

ஜனவரி 6, திங்கள்

மைனஸ் 14. கராஜில் ஹீட்டர் விடியற்காலையிலிருந்து ஓடுகிறது. பலகை சீவும் மெஷினான பிளேனரில் மேப்பிள் பலகையைச் செலுத்திக்கொண்டிருந்தபோது, மரத்தூளை உறிஞ்சிக்குக் கொண்டுபோகும் தூசிக் குழாயில் முழங்கை பட்டது. சுரீரென்று கரண்ட் அடித்தது. திடுக்கிட்டுப் பலகையை விட்டுவிட்டேன். அதன் வால்பக்கத்தைப் பிளேனர் கடித்துவிட்டது. இரண்டு அங்குலம் வெட்டி எறிய வேண்டும்.

தொலைபேசி வரவில்லை.

ஜனவரி 7

வரவில்லை.

ஜனவரி 8, புதன்

இன்று எண்ணினேன். மதியத்துக்குள் ஒன்பது தடவை அடித்தது. நான்கு அங்குல பி.வி.சி. குழாயின் வெளிப்புறத்தில் மரத்தூள் ஆட்டு மயிர்போல விறைத்து நிற்கிறது. விரலைக் கிட்டக் கொண்டுபோனால் என் கைமயிரும் எழுந்து நிற்கிறது. சீவலும் தூளும் உள்ளே உரசிக்கொண்டு ஓட ஓட நிலைமின் ஏற்றம் பிளாஸ்டிக்கில் ஏறிக்கொண்டே போகிறது. இறங்குவதற்கு வழி என் முழங்கை ஒன்றுதான்.

போன ஆடியில் இதே குழாயை என் கையாலேயே பூட்டினேன். அப்போது காற்றே வேர்த்துக்கொண்டிருந்தது, ஒரு தடவைகூட அடிக்கவில்லை. இன்று சுவரிலிருக்கும் ஈரமானி 19 சதவீதம் என்கிறது.

உயர்தர வகுப்பில் எபனைற்றுக் கோலைப் பூனைத்தோலில் தேய்த்து, மின்னேற்றம் பட்டால் இலை விரியும் பொன்னிலை மின்காட்டிக்கு அருகில் பிடிப்பார் வாத்தியார். யாழ்ப்பாணத்து மாரியில் அந்த இலை அசையாது. "காற்றில் ஈரம் அதிகம். விரிந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்பார். எழுதிக்கொண்டோம். நாற்பது வருடம் கழித்துக் கனடாவின் ஸ்காபரோவில் விரிகிறது.

இரவு மனைவியிடம் தேநீர்க் கோப்பையை நீட்டியபோது விரலோடு விரல் அடித்தது. "உங்கள் உடம்பில் என்ன, மின்சார சபையா இருக்கிறது?" என்றாள். தேநீர் பாதி கதிரையில்.

ஜனவரி 10, வெள்ளி

மார்க்கம் நகரில் பட்டறை வைத்திருக்கும் அண்ணர் சொன்னார்: வெறும் செப்புக்கம்பியைக் குழாயைச் சுற்றிச் சுற்றி ஓட்டி, அதை மெஷினின் இரும்பு உடம்பில் முறுக்கிவிடு, தீர்ந்தது. நூறு அடிக் கம்பி வாங்கிவந்து ஏணியில் ஏறி இறங்கி அரைநாள் சுற்றினேன். தூரத்திலிருந்து பார்த்தால் கோயில் கம்பத்துக்குச் சாத்திய சரிகைபோல இருக்கிறது.

அடி குறைந்தது, நிற்கவில்லை. கம்பி தொடும் இடத்தில் சாந்தம். இரண்டு சுற்றுக்கு நடுவில் கையை வைத்தால் பழையபடி. யோசித்தால் விளங்குகிறது. பி.வி.சி. மின்னைக் கடத்தாத சாமான், ஏற்றம் உண்டான இடத்திலேயே குந்தியிருக்கும், கம்பியைத் தேடி நடந்துவராது. கம்பி தன் காலடியில் கிடப்பதை மட்டும் பொறுக்குகிறது. பிளாஸ்டிக்குக்கு எர்த் கொடுப்பது என்ற பேச்சே பாதிப் பொய். அண்ணரிடம் இதைச் சொல்லவில்லை. நல்ல மனிதர், இவளைப் பற்றி ஒன்றுமே கேட்காதவர்.

பிற்பகல் முழுவதும் தொலைபேசி சட்டைப் பையிலேயே இருந்தது.

ஜனவரி 12, ஞாயிறு

நித்திரை வரவில்லை. மகன் ஒட்டாவாவிலிருந்து எடுத்து, கராஜ் வெடித்துவிடும், குழாயைக் கழற்றுங்கள் என்று சத்தம் போட்டான். அவனுக்குப் பயம் வேறு எதிலோ. கத்துவதற்குக் குழாய் அகப்பட்டது.

பிறகு மூன்று மணிவரை நானே வாசித்தேன். 2012 ஜனவரி 20, பிரிட்டிஷ் கொலம்பியாவில் பேர்ன்ஸ் லேக் மர ஆலை வெடித்து இருவர் செத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பிரின்ஸ் ஜார்ஜில் இன்னொன்று, இன்னும் இருவர். மரத்தூள்தான். ஆனால் விசாரணையில் சுட்டியது உராய்ந்து சூடேறிய இயந்திரப் பாகத்தை, நிலைமின்னை அல்ல. மனித உடம்பிலிருந்து பாயும் பொறியில் இருப்பது சில மில்லிஜூல் சக்தி. அது தோலுக்கு உறைக்கத் தாராளம்; மரத்தூளைப் பற்றவைக்கப் பெரும்பாலும் அதைப்போலப் பல மடங்கு வேண்டும். அதுவும் சில அடி தூரத்து விளக்கு மங்கிப்போகும் அளவுக்குத் தூள் காற்றில் நிற்க வேண்டும். பயப்பட வேண்டியது பலகைக்குள் ஒளிந்திருக்கும் ஆணிக்கு. அது உறிஞ்சியின் விசிறியில் மோதி ஒரு தணலாகப் பைக்குள் போய்ப் படுத்துக்கொண்டால், நான் கதவைப் பூட்டிக்கொண்டு போன பிறகுதான் அது எழும்பும்.

வாசித்து ஆறுதலடைந்தேன். நாலு பேர் செத்ததை வாசித்து ஆறுதலடைகிற ஆளாகிவிட்டேன்.

எழுந்து கராஜுக்குப் போய்க் கூரை வளையின் மேற்புறத்தை விரலால் தடவினேன். விரல் கனத்துக்குத் தூள். ஐந்து மணிவரை துடைத்தேன். இரண்டு பைகளையும் வெறுமையாக்கி வெளியே பனியில் வைத்தேன்.

ஜனவரி 13, திங்கள்

நான் செய்துகொண்டிருக்கும் சாமி அலுமாரி பொங்கலுக்கு வராது என்று அக்காவுக்குச் சொல்லியாகிவிட்டது. "அவசரமில்லைத் தம்பி, முதலில் வீட்டைப் பாருங்கள்" என்றார். யார் சொன்னது அவருக்கு?

இந்த உலர்வில் மேப்பிள் ஒடுங்கிக் கிடக்கிறது. அலுமாரியின் இழுப்பறைக்கு, எட்டு அங்குல லாச்சிக்கு, மேலே 3 மில்லிமீட்டர் விடுகிறேன். இப்போது பார்க்கிறவர்களுக்குப் பிழைவேலை மாதிரித் தெரியும். ஆடி பிறந்தால் லாச்சி ஊதி அந்த இடத்தை நிரப்பிவிடும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் கிழக்கே வழிந்தது. கிழக்கு எது என்று அடுப்படியில் ஒவ்வொரு வருடமும் வரும் வாக்குவாதம் இம்முறை வரவில்லை. ஈரமானியைக் கழற்றிவந்து குசினியில் வைத்துப் பார்த்தேன்: 41. அவள் தோளைத் தொட்டேன். அடிக்கவில்லை.

ஜனவரி 16, வியாழன்

தகரக் குழாய் வாங்கினேன். வீட்டு ஹீட்டருக்குப் போடும் அதே துத்தநாக முலாம் பூசிய சாமான். மூட்டுக்கு மூட்டு மூன்று திருகாணி, மேலே அலுமினிய நாடா. வளைகிற ஹோஸின் பிளாஸ்டிக்குக்குள் சுருள்கம்பி ஓடுகிறது. இத்தனை நாளும் அதன் இரண்டு முனையும் ஒன்றையும் தொடாமல் உள்ளேயே செத்துக் கிடந்திருக்கிறது. பிளாஸ்டிக்கைக் கத்தியால் உரித்து, இரண்டு அங்குலக் கம்பியை வெளியே இழுத்து மடித்து, ஒருபக்கம் தகரத்திலும் மறுபக்கம் மெஷினிலும் திருகினேன்.

மல்டிமீட்டரை வைத்தேன். குழாய்க்கும் பிளேனருக்கும் இடையில் அரை ஓம். பிளேனருக்கும் சுவர்ச் செருகியின் எர்த்துக்கும் இடையில் தொடர்பே இல்லை. திறந்து கிடக்கிறது.

சுவரிலிருந்து மெஷினுக்கு மின்சாரம் கொண்டுவரும் நீட்டுக் கம்பியின் மூன்றாவது முள், எர்த் முள், முறிந்திருக்கிறது. எந்த நாளிலிருந்து என்று தெரியவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன். நூறு அடிச் செப்பைச் சுற்றிக் கட்டியது எங்கேயும் போகாத ஒரு இரும்பில். அடி குறைந்ததே, அது எப்படி? மெஷின் பெரிய உடம்பு, கொஞ்சத்தை விழுங்கியிருக்கும். உள்ளே வயர் ஒன்று உரிந்து அந்த இரும்பைத் தொட்டிருந்தால் இதை எழுத நான் இல்லை. நிலைமின்னைத் துரத்திக்கொண்டு உண்மையான மின்சாரத்தோடு விளையாடியிருக்கிறேன்.

நீட்டுக் கம்பியை இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன், வேறு யாரும் எடுத்துப் பாவிக்காதபடி.

ஜனவரி 18, சனி

ஈரப்பதமூட்டி வாங்கி வைத்தேன். 45க்கு வந்தது. யன்னல் கண்ணாடி அழுதது; அடிச்சட்டத்தில் பனிக்கட்டி. மேசை வாளின் வார்ப்பிரும்பில் பழுப்புப் புள்ளிகள். நிறுத்திவிட்டேன். 35 போதும்.

ஜனவரி 20

அடி இரண்டு. இரண்டும் கார்க் கதவில்.

ஜனவரி 21, செவ்வாய்

உறிஞ்சி ஓடிக்கொண்டிருந்தது. காதில் மூடி. பதினொன்று ஐந்துக்கு எடுத்திருக்கிறார்கள். இலக்கம் காட்டவில்லை, தகவலும் விடவில்லை. திருப்பி எடுக்க இலக்கம் இல்லை. மருத்துவமனையின் பொது இலக்கத்தில் ஐம்பது நிமிடம் பாட்டுக் கேட்டேன்.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னேன். இரவு சொன்னேன்.

ஜனவரி 22, புதன்

மெஷின் ஒன்றையும் போடவில்லை. அப்பாவின் சீவுளியை எடுத்துத் தீட்டினேன். லாச்சி முகப்பைக் கையால் சீவினேன். சீவல் சுருள் சுருளாக வந்து கம்பளிச் சட்டையின் கையில் ஒட்டிக்கொண்டது, உதறினாலும் போகவில்லை. தொலைபேசி வாங்குப் பலகையில் முகம் மேலே பார்த்தபடி.

வீட்டுக்குள் போகுமுன் தண்ணீர்க் குழாயைத் தொடுகிறேன். பழகிவிட்டது. செம்பு சுள்ளென்று வாங்கிக்கொள்கிறது, பிறகு உள்ளே போகிறேன்.

ஜனவரி 23, வியாழன்

பத்து நாற்பதுக்கு எடுத்தார்கள். நாளை ஒன்பதரைக்கு. இருவரும் வாருங்கள் என்றார்கள். ஏன் இருவரும்?

லாச்சி பசை போட்டு கிளாம்பில் இருக்கிறது. நாளை மாலை கழற்ற வேண்டும்.